பத்து வயது நாயை யார் எடுத்துக்கொள்வார்கள்?

கேள்வி: நங்கநல்லூரில் வாடகை வீட்டில், இரண்டாம் மாடியில் இருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் எங்கள் தெருமுனையில் ஒரு பெண் லேப்ரடார் தனியாக நின்றுகொண்டிருந்தது. யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் போல. கழுத்தில் பட்டை கட்டியிருந்த தடம் மட்டும் இருக்கிறது. மருத்துவர் 9 அல்லது 10 வயது இருக்கும் என்றார். அம்மு என்று கூப்பிடுகிறோம். வீட்டுக்காரர் இரண்டு மாதம்தான் அவகாசம் கொடுத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் படம் போட்டேன். எல்லோரும் ‘பாவம்’ என்கிறார்கள், எடுத்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. இந்த வயதில் அவளுக்கு நல்ல வீடு கிடைக்குமா?

பதில்:

கிடைக்கும். ஆனால் குட்டிக்குத் தேடுவது போலத் தேடினால் கிடைக்காது.

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில் 14 வருடமாக இப்படி வந்து சேர்ந்த நாய்களை வைத்துத் தேற்றி வீடு பார்த்துக் கொடுக்கிறோம். அவற்றில் எட்டு வயதைத் தாண்டியவை மட்டும் இருபதுக்கு மேல் இருக்கும். குட்டி என்றால் நாலே நாளில் போய்விடும். வயதானதற்கு இரண்டு மாதம் ஆகும். ஆறு மாதம் ஆனதும் உண்டு. அதனால் இன்றைக்கே வீட்டுக்காரரிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டு வையுங்கள். தரைத்தளத்தில் குடியிருக்கும் நண்பர் யாராவது சில வாரம் வைத்துக்கொள்வாரா என்றும் விசாரியுங்கள். அவசரத்தில் கொடுக்கிற வீடுதான் பெரும்பாலும் தப்பான வீடாகிவிடுகிறது.

‘பாவம்’ என்ற சொல்லை நம்பி நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். 11 வயது ஸ்பிட்ஸ் ஒன்று எங்களிடம் வந்தது, நம் ஊரில் பொமரேனியன் என்றே சொல்கிறோமே அந்த இனம். படிப்பவர்களுக்குக் கண்ணீர் வரும்படி எழுதிப் போட்டேன். ஒரே நாளில் ஒரு குடும்பம் வந்து தூக்கிக்கொண்டு போனது. ஒன்பதாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ராத்திரியெல்லாம் இருமுகிறது, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்றார்கள். இருமும் என்று எனக்குத் தெரியும். இதயம் பெரிதாகி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதினால் யாரும் வரமாட்டார்கள் என்று பயந்து விட்டுவிட்டேன். திரும்பி வந்த நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் வாசல் கதவைப் பார்த்தே படுத்திருந்தது. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து இரக்கத்தைக் கிளப்பி நாயைக் கொடுப்பதில்லை. இந்த நாயின் ஒரு நாள் எப்படி ஓடும் என்று உள்ளபடி சொல்கிறோம். அதே மாதிரி நாள் ஓடுகிற ஒரு வீட்டைத் தேடுகிறோம். அம்முவுக்கு வேண்டியது ஒரே ஒரு வீடு. நூறு பேர் பார்க்கத் தேவையில்லை, சரியான ஒருவர் பார்த்தால் போதும்.

வீடு தேடும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அவள் கைவிடப்பட்டவள்தானா, தொலைந்தவளா? பட்டாசுச் சத்தத்திலும் இடியிலும் மிரண்டு ஓடிப் பல தெரு தாண்டி நிற்கும் நாய்கள் நிறைய. கால்நடை மருத்துவரிடம் மைக்ரோசிப் (தோலுக்கடியில் பதிக்கும் அடையாளச் சில்லு) இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சென்னை மாநகராட்சி இப்போது செல்லப்பிராணி உரிமத்தோடு சிப்பையும் சேர்த்திருப்பதால் முன்பைவிட வாய்ப்பு அதிகம். சுற்றியுள்ள கிளினிக்குகளில் படத்தைக் கொடுங்கள். ‘என் நாய்தான்’ என்று யாராவது வந்தால் பழைய படமோ ஊசிச் சீட்டோ காட்டச் சொல்லுங்கள். வேண்டுமென்றே விட்டுப் போனவரைக் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும் என்று உங்களுக்குக் கோபம் இருக்கும். நியாயமான கோபம்தான். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவு, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது. ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அந்த ஓட்டத்தை அம்முவின் வீட்டுக்காக ஓடுங்கள்.

அப்புறம் மருத்துவம். தடுப்பூசி மட்டும் போட்டு அனுப்பிவிடாதீர்கள். வயதான நாயை எடுக்கத் தயங்குகிறவரின் மனதில் இருப்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ‘உள்ளே என்ன வியாதி இருக்கிறதோ?’ அதற்குக் காகிதத்தில் பதில் இருந்தால் பாதி தயக்கம் போய்விடும். முழு இரத்த எண்ணிக்கை, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், கல்லீரல், சர்க்கரை, உண்ணிக் காய்ச்சல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே இருக்கும். இரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தால் மருத்துவர் அந்தப் பக்கம் யோசிப்பார், டாக்ஸிசைக்ளின் நாலு வாரம் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். தனியார் கிளினிக்கில் செலவு அதிகம் என்றால் வேப்பேரிக்குப் போங்கள். 1903இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். பல துறை மருத்துவர்களையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

அம்மு பெண் நாய் என்பதால் இன்னொன்று. கருத்தடை ஆகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆகவில்லை என்றால், மடியில் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா, கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, பின்புறம் கசிவு இருந்தாலோ அடுத்த நாள் வரை காத்திருக்காதீர்கள். கருப்பைச் சீழ் உயிரைப் பறிக்கும் வியாதி. இரத்தப் பரிசோதனை நன்றாக இருந்து மருத்துவரும் சரியென்றால், இந்த வயதிலும் கருத்தடை செய்யலாம். அது முடிந்த பிறகு கொடுப்பதுதான் எல்லா விதத்திலும் நல்லது. காம்புகள் தொங்கிப் போயிருந்தால் பல முறை குட்டி போட்டவளாக இருக்கலாம். குட்டி விற்கிறவர்கள் ஓய்ந்து போன பெண் நாய்களை இப்படித் தெருவில் இறக்கிவிட்டுப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மறுபடியும் அப்படிப்பட்ட கைக்கு அவள் போகவே கூடாது. போனில் முதல் கேள்வியே ‘பேப்பர் இருக்கா? ஹீட்டுக்கு வருதா?’ என்று இனச் சான்றிதழையும் இனச்சேர்க்கைப் பருவத்தையும் பற்றி வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் நீலப் புகை மாதிரி தெரிகிறதா? வருகிறவர்கள் எல்லோரும் ‘கண்ணு தெரியாதா?’ என்று கேட்பார்கள். வயதான நாய்களுக்கு கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி இப்படி மங்கலாகத் தெரிவது சாதாரணம். பார்வை பெரிதாகக் குறையாது. கண்புரை வேறு. இரண்டில் எது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையும் எழுதிவிடுங்கள். மூட்டு வலி இருந்தால் நாய்க்கென்று உள்ள மருந்தை மட்டும் கொடுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ‘கால் வலிக்குதேன்னு அரை மாத்திரைதான் கொடுத்தேன்’ என்று நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் உங்களோடு இருந்துவிட்டாள். இப்போது ஒரு நோட்டை எடுத்து ஒரு வாரம் அவளைப் பற்றி எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறாள், எப்போது ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கதவருகே நிற்கிறாள், மாடிப்படி ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறாள், காலிங் பெல் அடித்தால் குரைக்கிறாளா, குழந்தை ஓடினால் ஒதுங்குகிறாளா, பூனையைப் பார்த்தால் என்ன செய்கிறாள், சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறாளா, தனியாக விட்டால் எத்தனை மணி நேரம் தாங்குகிறாள், ராத்திரியில் எழுந்து நடக்கிறாளா. செலவையும் எழுதுங்கள்: சோறு, கோழி, முட்டை, மாத்திரை என்று பைசா வரை. ‘மாசம் எவ்வளவு ஆகும்?’ என்று கேட்பவரிடம் ‘அதிகம் ஆகாது’ என்றால் நம்பமாட்டார். நோட்டைக் காட்டினால் நம்புவார்.

இப்போது யாரைத் தேடுவது என்பதற்கு வருகிறேன். இதில்தான் பலர் திசை மாறிப் போகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் புதிதாகக் கல்யாணமான தம்பதிகளும் இருக்கும் குழுக்களில்தான் படத்தைப் போடுகிறோம். அவர்களுக்குக் குட்டிதான் வேண்டும். வேலைக்குப் போனால் பத்து மணி நேரம் வீடு பூட்டியிருக்கும். அம்முவின் நாளோடு ஒத்துப்போகும் வீடு வேறு. ஓய்வு பெற்றவர்கள், தரைத்தளத்திலோ தனி வீட்டிலோ இருப்பவர்கள், காலை ஐந்தரைக்கு எழுந்து கோலம் போடுகிற, பேப்பர் படிக்கிற வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற பெற்றோர் நிறைய இருக்கிறார்கள். பழைய நாய் போன பிறகு இன்னொன்று எடுக்க அவர்களுக்கு ஆசை இருக்கும். ‘எங்களுக்கே எழுபதாச்சு, குட்டியை எடுத்தா எங்களுக்கப்புறம் அதை யார் பார்ப்பா?’ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலே உங்கள் வீட்டில் படுத்திருக்கிற அம்முதான். குட்டி போல இழுத்துத் தள்ளமாட்டாள், செருப்பைக் கடிக்கமாட்டாள், நாளின் பெரும்பகுதி தூங்குவாள், மிஞ்சிய நேரம் காலடியில் படுத்திருப்பாள்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில் ‘மட்வில்’ என்று ஓர் அமைப்பு 2007 முதல் ஏழு வயதுக்கு மேற்பட்ட நாய்களுக்கு மட்டுமே வீடு தேடித் தருகிறது. அங்கே வயதானவர்களையும் வயதான நாய்களையும் சேர்த்து வைப்பதற்கென்றே தனித் திட்டம் இருக்கிறது. நம் ஊரில் அப்படிப் பெயர் வைத்த திட்டம் வேண்டாம், உங்கள் பகுதி கால்நடை மருத்துவரின் நினைவாற்றலே போதும். கடந்த ஆறு மாதத்தில் யார் வீட்டு நாய் இறந்தது, அவர்களில் யார் இன்னும் ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரே அவர்களிடம் பேசிப் பார்க்கட்டும், நம்பரை நீங்கள் கேட்க வேண்டாம். எங்கள் வீட்டிலிருந்து போன வயதான நாய்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் போயின. காலை நடைப்பயிற்சிப் பூங்கா, கோவில் வாசல், நியாயவிலைக் கடை வரிசை எல்லாமே நல்ல இடங்கள்தான். அம்முவையும் கூட்டிக்கொண்டு தினமும் ஒரே நேரத்தில் பூங்காப் பக்கம் நடங்கள். யார் குனிந்து அவள் காதைத் தடவுகிறார்கள் என்று கவனியுங்கள். நேராக ‘எடுத்துக்கிறீங்களா?’ என்று கேட்காமல் நாலு நாள் பேச விடுங்கள்.

எழுதிப் போடுவதென்றால் இந்த மாதிரி எழுதுங்கள்: ‘அம்மு, பெண் லேப்ரடார், சுமார் 10 வயது. காலை 5:30க்கு எழுந்துவிடுவாள். இருபது நிமிடம் மெதுவாக நடந்தால் போதும். தயிர்சாதம் என்றால் உயிர். குழந்தைகளிடம் அமைதி, பூனையைத் துரத்துவாள். இடது பின்னங்காலில் மூட்டுத் தேய்மானம், படி ஏறக் கஷ்டப்படுவாள், அதனால் தரைத்தளம் வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிந்தது, அறிக்கை காட்டுகிறேன். மூன்று வாரம் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.’ அவளிடம் உள்ளதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ‘அவசரம்’, ‘கடைசி வாய்ப்பு’, ‘இல்லையென்றால் தெருவில்தான்’ என்று எழுதாதீர்கள். பயமுறுத்தி வரவழைத்தவர் பயம் தெளிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார். படத்தை நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் நாய் சிறுத்து, குற்றம் செய்தது போலத் தெரியும். தரையில் உட்கார்ந்து அவள் கண் மட்டத்தில் எடுங்கள்.

யாராவது வருகிறேன் என்றால் முதலில் வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று கேளுங்கள். மகள் ஆசைப்பட்டுக் கேட்பாள், பாட்டிக்கு நாய் உள்ளே வருவதே பிடிக்காது. கடைசியில் நாய் மொட்டைமாடியில் கட்டப்பட்டுக் கிடக்கும். ‘எங்கே படுக்கும்?’ என்ற ஒரு கேள்வியிலேயே பாதி தெரிந்துவிடும். ‘வாட்ச்மேன் மாதிரி வாசலில்’ என்றால் வேண்டாம். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்லுங்கள். சொந்த ஃபிளாட்டில் இருப்பவர் ‘அசோசியேஷன் விடாது’ என்று பின்வாங்கினால் ஒரு விஷயம் சொல்லலாம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் குடியிருப்போர் சங்கம் செல்ல நாயைத் தடை செய்ய முடியாது. ஆனாலும் தினமும் சண்டை போட்டுக்கொண்டு ஒரு கிழட்டு நாயை வளர்க்கும் தெம்பு அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வயதானவர் எடுத்துக்கொண்டால், அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அம்முவைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் பெயரையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். கேட்டின் இடுக்கு, பால்கனிக் கம்பி, வழவழப்பான டைல்ஸ் மூன்றையும் பாருங்கள். டைல்ஸில் மூட்டு வலி உள்ள நாய் வழுக்கி வழுக்கி, நடக்கவே பயந்து ஒரே மூலையில் உட்கார்ந்துவிடும். பழைய யோகா பாய் இரண்டு வாங்கி, அது நடக்கும் வழியில் போட்டால் தீர்ந்தது. நகத்தையும் வெட்டிவிட வேண்டும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. நாயை விற்கக் கூடாது, சரி. ஆனால் அடுத்த ஊசிச் செலவையும் உரிமக் கட்டணத்தையும் அவர்களே கட்டட்டும். அதற்கே முகம் சுளித்தால் பல் சுத்தம் செய்யும் செலவு வரும்போது என்ன செய்வார்கள்? மாறாக, எல்லாம் பொருந்தி, மருந்துச் செலவுக்கு மட்டும் பயப்படுகிற ஒரு பென்ஷன்தாரர் கிடைத்தால், மருந்தை நீங்களும் உங்கள் தெருக்காரர்களும் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று யோசியுங்கள். எங்களிடமிருந்து போன ஒரு 12 வயது நாட்டு நாய் இப்படித்தான் தாம்பரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடம் மூன்று வருடம் இருந்தது. மாதா மாதம் மாத்திரை நாங்கள் வாங்கிக் கொடுத்தோம், மற்றதெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். அவர் அதற்குப் பழைய புடவையை மடித்து மெத்தை தைத்திருந்தார், போகும்போதெல்லாம் வேறு வேறு புடவை இருக்கும்.

காப்பகத்தில் விட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். ப்ளூ கிராஸ் போன்ற பழைய அமைப்புகள் அடிபட்டதையும் நோயுற்றதையும் பார்க்கவே திணறுகின்றன. சோபாவில் படுத்து வளர்ந்த வயதான நாய் நூற்றுக்கணக்கான நாய்களின் குரைப்புக்கு நடுவே சாப்பாட்டை விட்டுவிடும். தெருவில் விடுவது அதைவிட மோசம். ஏற்கெனவே அங்கே எல்லை பிரித்து வாழும் நாய்கள் அவளைக் கடித்துக் குதறிவிடும். ‘வயசாயிடுச்சு, ஊசி போட்டு அனுப்பிடுங்க’ என்பவர்களுக்கும் பதில் சொல்லத் தயாராக இருங்கள். முதுமை என்பது ஒரு வியாதி அல்ல.

கொடுக்கும் நாளில் அவள் படுத்த துணியைத் துவைக்காமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள். இரண்டு வாரம் இதே சாப்பாடு, இதே நேரம். முதல் மூன்று நாள் சாப்பிடாமல், ஒட்டாமல் இருப்பாள். மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும். மூன்று மாதத்தில் அது அவள் வீடு. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாலாம் நாள் பதறிப் போன் செய்யமாட்டார்கள். முதல் வாரத்தில்தான் பழைய வீட்டைத் தேடி ஓடிப்போகும் ஆபத்து அதிகம். வெளியே போனால் கழுத்துப்பட்டையோடு மார்புப் பட்டையும் போட்டு, இரண்டிலும் போன் நம்பர் தொங்க வேண்டும். நீங்கள் போய்ப் பார்க்க ஆசைப்படுவீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள், வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். இரத்தப் பரிசோதனை, நோட்டு. அது முடிந்ததும் ஒரு நிமிட வீடியோ எடுங்கள்: அவள் நடப்பது, தயிர்சாதம் சாப்பிடுவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பது. காலை ஆறரை மணி வெளிச்சத்தில் எடுங்கள். வெயில் ஏறிவிட்டால் லேப்ரடாருக்கு மூச்சு வாங்கும், இருப்பதைவிட இன்னும் நாலு வயது கூடித் தெரிவாள்.